கிணத்தைப் பார்த்துத்தான் மோட்டார் வாங்கணும்



போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கண்ணசர்ந்த நேரத்தில் நம் பழைய மாணவர் அணியிலிருந்து மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராகப் போன் பண்ணினார்கள். ஒருத்தன், "சார், அவனைக் கூட்டிட்டு வந்தா கப் நமக்குத்தான்" என்றான். அடுத்தவன், "சார், காசு தண்டம், நீங்களாச்சும் சொல்லுங்க" என்றான். மூன்றாமவன் நிதானமானவன், பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். "சார், அந்தாளு நம்ம ஆட்டத்துக்குச் செட் ஆவாரா, அதை மட்டும் சொல்லுங்க" என்றான்.

கேட்க வேண்டிய கேள்வி மூன்றாமவன் கேட்டதுதான். மூன்று பேருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லோரும் படிக்கிற மாதிரி இங்கேயே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும். பி.டி. வாத்தியார் கையில் விசில் இல்லாவிட்டால் வாய் நீண்டுவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்காக முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த மாதம் பல்லடம் பக்கம் ராத்திரி வெளிச்சத்தில் ஒரு செவன்ஸ் போட்டி. பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற கால்பந்து. நம் பையன்கள் இரண்டு வருஷமாக அரையிறுதி வரைக்கும் போய், கோல் போட ஆளில்லாமல் திரும்பி வருகிறார்கள். பையன்கள் என்று நான் சொல்கிறேன், பாதிப் பேருக்கு நாற்பது தாண்டிவிட்டது. இப்போது மலப்புரம் பக்கம் செவன்ஸ் ஆடுகிற ஓர் ஆப்பிரிக்க வீரர் நான்கு மேட்சுக்கு வரத் தயார் என்று இடையில் இருப்பவர் சொல்லியிருக்கிறார். நான்கு மேட்சுக்கு அறுபதாயிரம், தங்குவதும் வண்டிச் செலவும் தனி. ('சூடானி ஃப்ரம் நைஜீரியா' படம் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புரியும். மலபாரில் இது பல வருஷ வழக்கம்.)

நம் கையில் இருப்பது ஒரு லட்சத்துப் பத்தாயிரம். அது போட்டிக்காக மட்டும் சேர்த்த பணம் இல்லை. நம் பள்ளிப் பெண் பிள்ளைகள் அணிக்கு பூட்ஸும் பந்தும் வாங்க வேண்டும் என்று சொல்லித்தான் உங்களில் பாதிப் பேர் அனுப்பினீர்கள். அதனால்தான் இதை மைதானத்துச் சமாச்சாரம் என்று விட்டுவிட முடியவில்லை.

ஈரோட்டு அக்கா இதையெல்லாம் படித்துவிட்டு, "கால்பந்து எனக்கென்னடா தெரியும்" என்று கேட்பாள். அக்கா, உனக்குத் தெரிந்த கிரிக்கெட்டிலேயே சொல்கிறேன். 2023 ஐபிஎல்லுக்கு முன்னால் நம் சென்னை சூப்பர் கிங்ஸ் பென் ஸ்டோக்ஸை 16.25 கோடிக்கு ஏலம் எடுத்தது ஞாபகம் இருக்கிறதா? உலகத்திலேயே பெரிய ஆல்ரவுண்டர், அதில் சந்தேகமே இல்லை. காயத்தோடு இருந்தவர் அந்த வருஷம் ஆடியது இரண்டே மேட்ச், எடுத்தது 15 ரன். அதே ஏலத்தில் யாரும் கண்டுகொள்ளாத ரஹானேவை 50 லட்சத்துக்கு எடுத்தார்கள். டெஸ்ட் மேட்சுக்காரர் என்று ஒதுக்கப்பட்ட மனுஷன். "உன் இஷ்டப்படி அடி" என்று மூன்றாவது இடத்தில் அவரை இறக்கிவிட்டார்கள், 300 ரன்னுக்கு மேல் எடுத்தார். அந்த வருஷம் கோப்பையும் நமக்கு வந்தது. அதற்காக ஸ்டோக்ஸ் மோசம், ரஹானே உசத்தி என்று அர்த்தமில்லை. ஒருவருக்கு அங்கே ஓர் இடம் காலியாக இருந்தது. இன்னொருவருக்கு உடம்பும் இடம் கொடுக்கவில்லை, அணியும் அவருக்காகக் காத்திருக்கவில்லை.

இனிக் கால்பந்துக்கு வருகிறேன். வெளியூர்க் கதை எதற்கு, நம் கோயமுத்தூரிலேயே கண்ணால் பார்த்த கதை இருக்கிறது.

2019 மார்ச் 9, சனிக்கிழமை சாயங்காலம். வ.உ.சி. பூங்கா பக்கத்து நேரு ஸ்டேடியம். சென்னை சிட்டி எஃப்சி என்று பெயர், ஆனால் ஊர் நம் ஊர். கடைசி லீக் மேட்ச், எதிரில் மினர்வா பஞ்சாப். அன்றைக்கு நம் அணிக்கு 40 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 39. ஈஸ்ட் பெங்கால் அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்தது. அவர்கள் ஜெயித்துவிட்டால் நாங்கள் டிரா பண்ணினாலும் பட்டம் போய்விடும். நான் கேலரியில் உட்கார்ந்திருந்தேன். இதைப் படிக்கிறவர்களில் ஏழெட்டுப் பேர் என் பக்கத்திலும் பின்னாலும் இருந்தீர்கள், ஒருத்தன் என் தோளில் தேங்காய் பன்னைச் சிந்தினான், பெயர் சொல்ல மாட்டேன்.

ஆரம்பித்த சில நிமிடங்களிலேயே மினர்வா ஒரு கோல் அடித்துவிட்டது. ஸ்டேடியமே செத்த வீடு மாதிரி ஆகிவிட்டது. அங்கே கோழிக்கோட்டு ஸ்கோரைப் போனில் பார்க்கிறவர்களும், பார்க்காதே என்று அதட்டுகிறவர்களுமாக இடைவேளை வரைக்கும் ஓடியது. இரண்டாம் பாதியில் பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அப்புறம் கௌரவ் போரா ஒன்று, கடைசி நேரத்தில் அவரே இன்னொன்று. 3–1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்துவிட்டது. ஆனாலும் நமக்கு 43, அவர்களுக்கு 42. ஒரே ஒரு புள்ளியில் ஐ-லீக் பட்டம் முதல் தடவையாகத் தமிழ்நாட்டுக்கு வந்தது, அதுவும் நம் ஊர் மைதானத்தில்.

அந்தப் பருவத்தில் மான்சி அடித்தது 21 கோல். சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவும் 21. லீக்கில் அவ்வளவு கோல் அடித்தவர்கள் அந்த இரண்டு பேர்தான். முதல் மேட்சிலேயே நம் கோயமுத்தூரில் இந்தியன் ஆரோஸுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்துத்தான் ஆரம்பித்தார். இப்போது உங்களைக் கேட்கிறேன், அதற்கு முந்தின வருஷம் உங்களில் யாராவது பெட்ரோ மான்சி என்ற பெயரைக் கேள்விப்பட்டிருந்தீர்களா? நான் கேள்விப்பட்டதில்லை. உருகுவேயில் பிறந்தவர், ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளில் ஆடியவர், வயது முப்பது. உலகக் கோப்பை ஆடியதில்லை. விளம்பரப் பலகையில் போட்டால் யாரும் திரும்பிப் பார்க்காத பெயர்.

பின்னே எப்படி 21 கோல்? நான் அந்தப் பருவத்தில் கோவையில் நடந்த மேட்ச்களைக் கூடியமட்டும் விடாமல் பார்த்தேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கோச் அக்பர் நவாஸ் சிங்கப்பூர்க்காரர். அவர் அணி பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு முன்னால் உதைக்காது. பின்னாலிருந்தே கீழே உருட்டி, சின்னச் சின்னப் பாஸாக மேலே கொண்டுவரும். இந்த ஆட்டத்துக்குப் பின்வரிசையில் பந்துக்குப் பயப்படாத ஆள் வேண்டும், அதற்கு ராபர்ட்டோ எஸ்லாவா இருந்தார். நடுவில் தலையை நிமிர்த்திப் பார்த்துப் பாஸ் போடுகிற ஆள் வேண்டும், அதற்கு சாண்ட்ரோ. கடைசிப் பாஸை நூல் கோக்கிற மாதிரி கோத்துக் கொடுக்கிற ஆள் வேண்டும், அதற்கு நெஸ்டர் கோர்டில்லோ. எல்லாரும் ஸ்பெயின்காரர்கள், ஒரே பாஷை, ஒரே மாதிரி ஆடி வளர்ந்தவர்கள். இவர்களைச் சுற்றி நம் தமிழ்ப் பையன்கள் ஓடினார்கள். எட்வின் வான்ஸ்பால் எங்கே ஓட்டை விழுகிறதோ அங்கே போய் நிற்பார். அலெக்சாண்டர் ரொமாரியோ பக்கவாட்டில் ஓடி எதிராளியின் தற்காப்பை இழுத்துக்கொண்டு போவார். இத்தனையும் நடந்த பிறகு, பெட்டிக்குள் சரியான இடத்தில், சரியான நொடியில் நிற்பது மான்சியின் வேலை. அதில் அவர் கில்லாடி. அவரே பந்தைப் பாதி மைதானத்திலிருந்து ஓட்டிக்கொண்டு போகிறவர் அல்ல. சமைத்து இலையில் போட்டால் ஒரு பருக்கை வீணாக்காமல் சாப்பிடுகிறவர்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பட்டத்தை நிச்சயம் செய்த அந்தக் கடைசி இரண்டு கோலும் மான்சியுடையவை அல்ல. போரா முன்னணி ஆட்டக்காரரே கிடையாது, தற்காப்புப் பக்கம் ஆடுகிற அசாம் பையன். எதிரணியின் கண்ணெல்லாம் 21 கோல் அடித்தவர் மேல் இருக்கும்போது பின்னாலிருந்து வருகிறவனுக்கு இடம் கிடைக்கிறது. பொருந்துகிற ஃபார்வர்ட் தான் கோல் போடுவதோடு நிற்பதில்லை, அடுத்தவன் கோல் போடவும் இடம் உண்டாக்குகிறான்.

அடுத்த வருஷம் என்ன ஆச்சு என்பதுதான் என் வாதத்துக்கு முக்கியம். நெஸ்டர் ஹைதராபாத்துக்குப் போனார். எட்வின் சென்னையின் எஃப்சிக்குப் போனார். மான்சி மட்டும் பருவத்தின் முதல் பாதியில் இங்கேயே இருந்தார். அதே மான்சி, அதே மைதானம், அதே கோச். ஆனால் அணி பட்டத்தின் பக்கத்தில்கூடப் போகவில்லை. 2020 ஜனவரியில் மான்சியும் ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டாவுக்குப் போய்விட்டார். அந்த வருஷப் பட்டம் மோகன் பகானுக்கு. மான்சி பிறகு இந்தியாவுக்குத் திரும்பி முகமதன் ஸ்போர்ட்டிங்குக்கும் ஆடினார். ஜப்பானிலும் சரி, முகமதனிலும் சரி, ஒரே பருவத்தில் 21 என்பது மறுபடி வரவில்லை. ஆளுக்கு வயது கூடியது ஒரு காரணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஊட்டுகிற கைகள் மாறிப்போனது அதைவிடப் பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

சென்னை சிட்டியும் 2020–21 பருவத்துக்குப் பிறகு ஐ-லீக்கில் இல்லை. நேரு ஸ்டேடியம் பக்கம் வாக்கிங் போகும்போதெல்லாம் எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகும். அது வேறு கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

அப்படியானால் அதிக விலை கொடுத்து ஆள் எடுப்பதே தப்பா என்று கேட்டால், அப்படியும் இல்லை. 2014இல் ஐஎஸ்எல் தொடங்கிய வருஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அணியும் பேர் பெற்ற ஒருவரை மார்க்கீ பிளேயர் என்று கொண்டுவந்தது. டெல்லி டைனமோஸுக்கு இத்தாலியின் டெல் பியேரோ வந்தார், 2006 உலகக் கோப்பை ஜெயித்தவர், நாற்பதைத் தொட்ட வயது. பத்து மேட்ச், ஒரே ஒரு கோல். டெல்லி அரையிறுதிக்கு வரவில்லை. அதே வருஷம் நம் சென்னையின் அணிக்கு பிரேசிலின் எலானோ வந்தார். அவரும் பெரிய பெயர்தான், அவருக்கும் வயது முப்பது தாண்டியிருந்தது. 8 கோல் அடித்து அந்தப் பருவத்தின் தங்கக் காலணியை வாங்கினார். எலானோ நின்ற பந்தை உதைப்பதில் மன்னன், ஃப்ரீ கிக்கும் பெனால்டியும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டன. அணி அவரிடம் எதைக் கேட்டதோ அது அவர் காலில் இருந்தது. ஆக, விலை உயர்ந்தவரும் பொருந்துவார், மலிவானவரும் பொருந்துவார். விலைச் சீட்டைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது.

இங்கிலீஷ் பிரீமியர் லீக் பார்க்கிற கூட்டம் இங்கே நிறைய உண்டு, உங்களுக்கு ஃபெர்னாண்டோ டோரஸ் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். லிவர்பூலில் எதிராளியின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் வெற்றிடத்தில் ஜெரார்டு பந்தைப் போட, மான் மாதிரி ஓடிப் போய் எடுத்தவர். 2011 ஜனவரியில் செல்சி 5 கோடி பவுண்டு கொடுத்து அவரை வாங்கியது. அந்தப் பருவத்தின் மீதிக் காலம் முழுக்க அவர் அடித்தது ஒரே ஒரு கோல். செல்சிக்கு எதிராக ஆடுகிற அணிகள் பின்னால் இறங்கித் தங்கள் பெட்டியை அடைத்துக்கொண்டு நிற்கும், அங்கே ஓடுவதற்கு வெற்றிடம் ஏது? மானைக் கொண்டுவந்து மாட்டுக் கொட்டாயில் கட்டிய கதை.

இவ்வளவு எடுத்துச் சொல்கிற நான், என் கையில் விசில் இருந்தபோது என்ன செய்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

1994. அப்போது நான் வேலை பார்த்த பள்ளி எது என்பது இங்கே வேண்டாம். மண்டலப் போட்டியின் இறுதிக்கு நாங்கள் தகுதி பெற்றிருந்தோம். எங்கள் ஆட்டமே இடது பக்க விங்கர் ஒரு பையனைச் சுற்றித்தான். ஆள் ஒல்லி, உயரம் என் தோளுக்கும் கீழே. பந்து காலில் ஒட்டிக்கொள்ளும். கோடு வரைக்கும் ஓடி, அங்கிருந்து பின்னால் இழுத்துக் கொடுப்பான், நடுவில் வருகிற யாராவது ஒருத்தன் தட்டிவிடுவான். அன்னூர்ப் பக்கத் தோட்டத்திலிருந்து சைக்கிளில் வருகிற பிள்ளை.

இறுதிக்கு ஒரு மாதம் இருக்கும்போது வேறு ஊரிலிருந்து பதினொன்றாம் வகுப்பில் ஒரு பையன் வந்து சேர்ந்தான். ஆறடி. நடு மைதானத்திலிருந்து உதைத்தால் கோல் கீப்பர் கையை எடுத்துவிடுவான். அவனுக்காக நிர்வாகத்திடம் பேசி, ஃபீஸைத் தள்ளுபடி செய்து, ஹாஸ்டலில் இடம் வாங்கிக் கொடுத்தது நான்தான். அவ்வளவு பாடுபட்டு எடுத்தவனை வெளியே உட்கார வைக்க மனசு வருமா? முன்னால் நிறுத்தினேன். அணிக்கே, "பந்தைத் தூக்கி அவன் தலைக்குப் போடுங்க" என்று சொன்னேன். தூக்கி அடிக்க நீளக் கால் உள்ளவன் வேண்டுமென்று அந்தச் சின்ன விங்கரை எடுத்துவிட்டு வேறொருத்தனைப் போட்டேன்.

இறுதியில் 2–0 என்று தோற்றோம். நாங்கள் தூக்கிய பந்து எல்லாம் எதிரணி சென்டர் பேக் தலையில்தான் விழுந்தது. என் சின்ன விங்கர் கோட்டுக்கு வெளியே தண்ணீர்க் குடத்தோடு நின்றுகொண்டிருந்தான். கடைசிப் பத்து நிமிஷத்திலாவது இறக்கியிருக்கலாம். அப்போதும் இறக்கவில்லை. ஏன் தெரியுமா? இறக்கினால் நான் எடுத்த முடிவு தப்பு என்று எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அறுபதாயிரம் கொடுத்தால் உங்களுக்கும் இதுதான் நடக்கும். கொடுத்த காசுக்காகவே அந்த ஆளைக் கடைசி வரைக்கும் உள்ளே வைத்திருப்பீர்கள்.

தோற்றதுகூடப் பெரிதில்லை. அந்த உயரமான பையனை ஹாஸ்டலில் எல்லோரும் "தண்டச் சோறு" என்று கேலி பண்ணினார்கள். அவன் மேல் என்ன தப்பு? தலைக்கு ஒரு நல்ல கிராஸ் போடத் தெரிந்தவன் எங்கள் அணியில் ஒருத்தன்கூட இல்லை. போடத் தெரிந்த ஒரே ஒருவனை நான் வெளியே உட்கார வைத்திருந்தேன். அடுத்த வருஷம் அவன் மைதானத்துக்கே வரவில்லை.

அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டில் விங்கரின் அப்பா என்னிடம் வந்தார். கோபமாகப் பேசவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நிதானமாகச் சொன்னார். "சாருங்க, எங்க பக்கத்துத் தோட்டத்துக்காரர் போன வருஷம் பத்து எச்பி மோட்டார் எறக்குனாருங்க. கெணத்துல ஊத்து அஞ்சு எச்பிக்குத்தான் காணும். அரை மணி நேரத்துல தண்ணி புட் வால்வுக்குக் கீழ போயிருமுங்க, மோட்டார் வெறும் காத்தெ இழுத்துக் காயில் எரிஞ்சுபோச்சு. மோட்டார் நல்ல மோட்டாருதானுங்க. கெணத்தெப் பாத்து வாங்கோணுமுங்க." அவ்வளவுதான். அன்னூர் பஸ் வந்தது, மகனைக் கூட்டிக்கொண்டு ஏறிப் போய்விட்டார்.

அந்தப் பையன் இன்றைக்கு நன்றாக இருக்கிறான். நான் என்ன பதிவு போட்டாலும் முதலில் வருகிற லைக் அவனுடையதுதான். இத்தனை வருஷத்தில் அந்த மேட்சைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கண்ணு, நீ இதையும் படிப்பாய். அன்றைக்கு உன்னை வெளியே உட்கார வைத்தது என் தப்பு. உன் ஆட்டத்தில் எந்தக் குறையும் இல்லை. முப்பது வருஷம் தாமதமாகச் சொல்கிறேன்.

சரி, இப்போது நம் கிணற்றைப் பார்ப்போம்.

நம் அணி எப்படி ஆடுகிறது? இரண்டு வருஷமாகப் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். தரையில் சின்னப் பாஸ். ஏழு பேரும் இருபத்தைந்து வருஷமாகச் சேர்ந்து ஆடுகிறவர்கள், கண்ணைப் பார்த்தே பந்து போடுகிறீர்கள். அதுதான் நம் சொத்து. வலது பக்கத்தில் நம் பெருந்துறைக்காரன் இன்னும் ஓடுகிறான், மூச்சு வாங்கினாலும் ஓடுகிறான். அவன் பந்தைத் தூக்கிப் போடமாட்டான், உருட்டித்தான் விடுவான்.

வரப்போகிறவர் எப்படி ஆடுகிறார்? நீங்கள் அனுப்பிய வீடியோ மூன்றையும் இரண்டு தடவை பார்த்தேன். நல்ல ஆட்டக்காரர், சந்தேகமில்லை. உயரம், பலம், கோலுக்கு முதுகைக் காட்டி நின்று பந்தை நெஞ்சில் வாங்குகிறார். அவருக்குக் கிடைத்த கோல் எல்லாம் தூரத்திலிருந்து தூக்கிப் போட்ட பந்திலும், கார்னரிலும் வந்தவை. அவருடைய அணியில் அதைப் போட இரண்டு பேர் இருக்கிறார்கள், வீடியோவில் அவர்களையும் பாருங்கள். நீங்கள் கோல் போட்டவரை மட்டும் பார்த்திருக்கிறீர்கள்.

ஆகவே மூன்று கேள்வி. வகுப்பில் கேட்கிற மாதிரியே கேட்கிறேன், பதில் தெரியாவிட்டால் நின்றுகொண்டிருங்கள்.

ஒன்று, அவருக்கு வேண்டிய பந்தை யார் போடுவது? ஏழு பேரில் ஒரு பெயர் சொல்லுங்கள்.

இரண்டு, பந்து எதிராளியிடம் இருக்கும்போது அவர் என்ன செய்வார்? செவன்ஸில் ஒருத்தர் நின்றுவிட்டால் மீதி ஆறு பேர்தான் ஓடவேண்டும். நாற்பது வயது ஆறு பேர்.

மூன்று, அவருக்காக யார் வெளியே உட்காருவது? இதை முடிவு செய்தாகிவிட்டது என்றால், அந்த ஆளிடம் நேரில் சொல்லியாகிவிட்டதா? என்னை மாதிரி மேட்ச் அன்றைக்குச் சொல்லாதீர்கள்.

முதல் கேள்விக்கே என்னிடம் பதில் இல்லை. அதனால் என் முடிவு, அவர் நம் ஆட்டத்துக்குப் பொருந்தமாட்டார். இருபதாயிரத்துக்கு வந்தாலும் பொருந்தமாட்டார். அறுபதாயிரம் என்பதால் தவறு இன்னும் மூன்று மடங்கு, அவ்வளவுதான்.

"அப்படின்னா கோல் யாருங்க சார் போடுறது?" என்று முதலில் போன் பண்ணினவன் கேட்பான், நியாயமான கேள்வி. போன வருஷ அரையிறுதியை யோசித்துப் பார். பெருந்துறைக்காரன் ஐந்து தடவை உள்ளே உருட்டிவிட்டான், ஐந்து தடவையும் பெட்டிக்குள் நம் ஆள் யாரும் இல்லை. நீங்கள் எல்லோரும் பாஸ் போட்டுவிட்டு நின்று வேடிக்கை பார்த்தீர்கள். அந்த இடத்துக்கு ஓடி வருகிற ஒருத்தன் போதும். நம் கடைசி பேட்ச்சில் ஒரு பையன் இருக்கிறான், வயது இருபத்தாறு, டவுன்ஹால் பக்கம் கடையில் வேலை. முதலாளியிடம் நான்கு ராத்திரி விடுப்புக் கேட்க முடியாமல் ஒதுங்கி நிற்கிறான். பெரிய பேச்சுப் பேசுகிறவர்கள் யாராவது போய் அந்த முதலாளியிடம் பேசுங்கள். போகிறேன் என்று ஒருத்தன் சொன்னால் நானும் கூட வருகிறேன்.

நான் சொன்னது தப்பாகவும் இருக்கலாம். அவர் வந்து நான்கு மேட்சிலும் கோல் போட்டு என் முகத்தில் கரியைப் பூசலாம், கால்பந்தில் அப்படியும் நடக்கும். ஓட்டுப் போட்டு அவரைத்தான் கூட்டி வருவது என்று முடிவு செய்தால் இரண்டே வேண்டுகோள். மேட்சுக்கு முன்னால் குறைந்தது இரண்டு சாயங்காலம் அவரோடு சேர்ந்து பயிற்சி எடுங்கள், அவருக்கு எந்தப் பந்து பிடிக்கும் என்று அவரிடமே கேளுங்கள். கடல் தாண்டி வந்து காலை நம்பிப் பிழைக்கிற மனுஷன், பந்தே கொடுக்காமல் நிறுத்திவிட்டு அப்புறம் அவரைத் "தண்டம்" என்று பேசாதீர்கள். இரண்டாவது, பெண் பிள்ளைகளின் பூட்ஸ் பணத்தைத் தொடாதீர்கள். அது எவ்வளவு என்று கணக்கு என்னிடம் இருக்கிறது, அனுப்பினவர்கள் பெயரோடு இருக்கிறது.

எது முடிவானாலும் முதல் மேட்சுக்கு நான் வருகிறேன். பல்லடத்துக்குப் போகிற வண்டியில் முன் சீட் எனக்கு, முழங்கால் மடக்க முடியவில்லை. கேலரியில் என் பக்கத்தில் உட்காருகிறவன் தேங்காய் பன் மட்டும் வாங்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் பி.டி. வாத்தியார்